தலைவர் வரும்வரை பேசுகிறவர்

மருதங்கண்மாய்,
3-2-2025

ஓசூர் மாநகரில் இரும்பையே கெஞ்சவிட்டு வேலை வாங்கும் என் அருமை மருமகன் உதயகுமாருக்கு, உன் தாய்மாமன் கருத்தையா எட்டுத் திக்கும் அதிர எழுதிக்கொள்வது. நான் இங்கே நலமாக இல்லை. நீயும் சித்ராவும் குட்டி அக்ஷராவும் அங்கே நலம் என்றால், அதில் பாதியைப் பொட்டலம் கட்டி எனக்கு அனுப்பவும்.

போனில் பேசக்கூடாதா என்பாய். நான் "மருமகனே" என்று தொடங்கினால் நீ "மீட்டிங் மாமா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் மேசையில் கிடந்து உன்னை முறைத்துக்கொண்டே இருக்கும்.

சங்கதி இதுதான். தெற்குக்கரை முத்தரசு தலைவர் நாற்காலியிலிருந்து ஜனவரி ஐந்தாம் தேதியோடு இறங்கிவிட்டான். அடுத்து ஏறவேண்டியவன் யார்? உலகறியும். நம் ஊரில் ஊராட்சித் தலைவர் பதவிக்குப் போட்டி கிடையாது. வடக்குக்கரை, தெற்குக்கரை, நடுக்கரை என்று மூன்று பங்காளிக் கூட்டமும் கோயில் காரியத்தை முறை வைத்துச் செய்வது போலத்தான் பதவியையும் முறை வைத்து அனுபவிக்கிறோம். இப்போது எங்கள் நடுக்கரை முறை. நடுக்கரையில் என்னை விட்டால் வேட்டி கட்டத் தெரிந்தவன் எவன்?

ஆனால் தேர்தலைக் காணோம். கேட்டால் தனி அலுவலர் பார்த்துக்கொள்வார் என்கிறார்கள். அந்தத் தனி அலுவலரை ஊருக்குள் நேரில் பார்த்தவர்களைவிட, ராத்திரி அய்யனார் குதிரையேறி வேட்டைக்குப் போவதைப் பார்த்தவர்கள் அதிகம். உன் அம்மா வீட்டு வாசலில் தெருவிளக்கு எரிந்து ஒரு மாதமாகிறது. என்னிடம்தான் வந்து கேட்கிறார்கள். நான் என்ன மின்மினிப்பூச்சியா, நானே போய் நின்று எரிய?

நாற்பது வருஷ அரசியல் மருமகனே! மைதா பசை காய்ச்சிப் போஸ்டர் ஒட்டினேன். என் உள்ளங்கையில் ரேகையே கிடையாது, எல்லாம் பசை. குன்றக்குடி மறியலில் கைதாகி, கல்யாண மண்டபத்தில் அடைத்துவைத்துப் போட்ட சாப்பாட்டில் உப்பில்லை என்று அங்கேயும் ஒரு மறியல் செய்தேன். புதுவயலிலிருந்து திருப்பத்தூர் வரை நான் பேசாத மேடை இல்லை. "தலைவர் மானகிரி தாண்டிவிட்டார், இதோ வந்துவிட்டார்" என்று சொல்லிச் சொல்லியே கூட்டம் கலையாமல் காத்தேன். இமயமலையைக்கூட ஒரு மணி நேரம் உட்காரவைத்திருப்பேன்.

கார்த்திகை கடைசி ஞாயிறு நடந்த விழாவுக்கு நீ வரவில்லை. தேர்தல் தைமாசம் நிச்சயம் என்று கட்சி ஆபீசில் சொன்னதை நம்பி, அய்யனார் கோயிலில் வைத்து என் தலையில் பரிவட்டம் கட்டி "நீதான் அடுத்த தலைவர்" என்று ஊர் சொல்லிவிட்டது. கிடா வெட்டினேன். ஊர் சாப்பிட்டுக் கை கழுவிய தண்ணீரில் கண்மாய் அரையடி ஏறியது. சம்சுதீன் பாய் அச்சடித்துத் தந்த பிளக்ஸில் என் மீசை மட்டுமே ஆறடி. அந்தப் பிளக்ஸ் இப்போது வெயிலில் வெளுத்து, மீசை நரைத்துக்கொண்டு வருகிறது. அதற்குள்ளாவது தேர்தல் வரவேண்டும்.

உன் அம்மாவுக்குத் தூக்குவாளியில் கறி கொடுத்தனுப்பினேன். வயிறு சரியில்லை என்று திருப்பிவிட்டாள். வைத்தியம் பார்க்கச் சொல்லி எழுது.

இப்படிக்கு,
நாற்காலி இல்லாத காரணத்தால் நின்றுகொண்டே ஆளும்,
உன் மாமன் கருத்தையா

*

ஓசூர்,
2-3-2025

அன்புள்ள மாமாவுக்கு,

உதயகுமார் வணக்கத்துடன் எழுதுவது. கடிதம் கிடைத்தது. நீங்கள் சொன்னது போலவே மேசையில் கிடந்து முறைத்தது. சித்ரா வாசித்துக் காட்டச் சொல்லி இரண்டு தடவை சிரித்தாள். அக்ஷரா உங்கள் மீசையை ஆறடிக்கு வரைந்திருக்கிறாள். மூஞ்சிக்குத் தாளில் இடமில்லை. இத்துடன் வைத்திருக்கிறேன்.

கார்த்திகை விழாவுக்கு ஷிப்ட் காரணமாக வரமுடியவில்லை என்று அப்போதே சொன்னேன். ஷிப்ட் இல்லாமல் இருந்தாலும் வந்திருப்பேனா என்று தெரியவில்லை. அதை இன்னொரு நாள் பேசலாம்.

அம்மாவுக்கு வயிற்றில் ஒன்றும் இல்லை மாமா. அன்றைக்கு ரசம் வைத்துச் சாப்பிட்டதாகச் சொன்னது. அடுத்தடுத்த வீடு. நீங்கள் ஓசூருக்கு எழுதி விசாரிப்பதைவிட எட்டிப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்.

தெருவிளக்குக்கு ஒன்றிய அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாமே. தலைவராக இருந்தால்தான் மனு எழுத வேண்டுமா? மனு எழுத முறை எதுவும் இல்லை என்று நினைக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நிற்கும்போது எதையாவது பிடித்துக்கொண்டு ஆளவும்.

அன்புடன்,
உதயகுமார்

*

மருதங்கண்மாய்,
20-7-2025

என் தங்கை பெற்ற தங்கமே, மருமகனே,

மாமன் மோசம் போனேன். என்னைக் குழியில் இறக்கி மண் தள்ளும் நேரத்தில், மண்வெட்டி யார் கையில் இருக்கிறது என்று பார்த்தால் உன் கையில்.

முதலில் விளக்கு. மனுக் கொடுத்தேன். வந்து மாட்டினார்கள். எரிகிறது. "இது என் ஆட்சியின் முதல் சாதனை" என்று தெருவில் நின்று சொன்னேன். உன் அம்மா வாசலைப் பெருக்கிக்கொண்டே, "அண்ணே, அங்குட்டு நகரு, வெளிச்சத்த மறைக்கிறே" என்றாள். நாலைந்து மாசத்தில் அவள் என்னிடம் பேசியது இது ஒன்றுதான்.

இனி குழி. புரவி எடுப்புக்கு நாள் குறிக்க அய்யனார் கோயிலில் ஊர்க்கூட்டம். இயந்திரங்களோடு குடித்தனம் நடத்தி நீ ஊர் வழக்கத்தை மறந்திருப்பாய், சொல்கிறேன். முறைக்காரக் கரை, மண்குதிரை செய்யச் சொல்லி வேளாரிடம் ஒரு பிடி மண் கொடுக்கும். அந்தப் பிடிமண் கைமாறிவிட்டால் அந்தக் கரையின் முறை அத்தோடு கழிந்தது. அப்புறம் மழை கொட்டித் திருவிழா நின்றாலும், "அடுத்த வருஷம் எனக்கே கொடு" என்று கேட்க முடியாது.

கூட்டம் முடியும் நேரம் உன் சித்தப்பா குருநாதன் எழுந்தார். உன் அப்பா காலத்துக்குப் பிறகு வடக்குக்கரைக்கு அவர்தானே அம்பலம், கூட்டத்துக்கே பெரியவர். தொண்டையைச் செருமினார்.

"மச்சான், ஒரு சின்ன வெளக்கம். போன கார்த்திகையில பரிவட்டம் கட்டிக்கிட்டீகளா இல்லையா?"

"கட்டிக்கிட்டேன். அதுக்கென்ன?"

"கெடா வெட்டுனீக."

"நீங்களுந்தான் தின்னீக. நல்லி எலும்பு கேட்டு வாங்குனீக."

"தின்னேன், இல்லேங்கல. ருசியாத்தான் இருந்துச்சு. அதான் கேக்குறேன். பரிவட்டமும் கட்டி, கெடாவும் வெட்டுனா அது பிடிமண் குடுத்த மாதிரிதானே? தேர்தல் வராமப் போனது மழை பெஞ்ச மாதிரி. உங்க முறை கழிஞ்சுபோச்சு மச்சான். தேர்தல் எப்ப வந்தாலும் இனிமே வடக்குக்கரை முறை."

நான் பாய்ந்தேன். "இது என்னய்யா ஞாயம்? எலையப் போட்டுச் சோத்த வைக்காமலே கை கழுவச் சொல்றது!"

அதற்கு முத்தரசு, நேற்று வரை தலைவனாக இருந்த பயல், தூணில் சாய்ந்துகொண்டு சொல்கிறான்: "இந்த ஞாயத்தச் சொன்னதே நீங்கதானே மாமா? அதுலதான் நான் தலைவரானேன். மறந்துட்டீகளா?"

கோயிலே சிரித்தது. மண்குதிரைகள்கூடப் பல்லைக் காட்டியதாக எனக்குப் பட்டது.

உனக்குத் தெரிந்ததுதான். 2016இல் வடக்குக்கரை முறைக்கு உன் அப்பா, என் மாப்பிள்ளை சேவுகன், வேட்புமனுக் கொடுத்தார். மறுநாளே நீதிமன்றம் தேர்தலை ரத்து செய்துவிட்டது. மூன்று வருஷம் கழித்துத் தேர்தல் வந்தபோது, "எங்க முறை பாக்கியிருக்கு" என்று அண்ணனுக்காக உன் சித்தப்பா வாதாடினார். அன்றைக்கு நான் எழுந்து, "வேட்புமனுதானய்யா பிடிமண்! கொடுத்தது கொடுத்ததுதான்!" என்று பேசினேன். முறை தெற்குக்கரைக்குப் போனது. அது வேறு, இது வேறு. அது வேட்புமனு, சட்டப்படியான தாள். இது வெறும் கறிச்சோறு! கறிச்சோற்றை எப்படிப் பிடிமண் என்பது?

கடைசியில் உன் சித்தப்பா சொன்னது: "நான் தடுக்கல. எங்க அண்ணனுக்குக் கெடைக்காமப் போனது இது. அண்ணன் மகன் சரின்னு சொன்னா, முறை கழியலேன்னு வடக்குக்கரை ஒத்துக்கிரும்."

ஆக, முடிவு உன் நாக்கில் இருக்கிறது. கார்த்திகை பிறந்ததும் அடுத்த கூட்டம். "மாமன் முறை மாமனுக்கே" என்று மூன்றே வார்த்தை எழுதி அனுப்பு. எனக்கு அறுபத்தெட்டு நடக்கிறது. அடுத்த சுற்றில் நான் போட்டோவாகத்தான் நிற்பேன். அந்தப் போட்டோவுக்குக் கீழே "முன்னாள் ஊராட்சி மன்றத் தலைவர்" என்று ஒரு வரி இருந்தால் போதும். அக்ஷரா வரைந்த படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன்.

இப்படிக்கு,
மழையில் நனையாமலே கரைந்துகொண்டிருக்கும்
மாமன் கருத்தையா

*

ஓசூர்,
17-8-2025

அன்புள்ள மாமாவுக்கு,

மூன்று வார்த்தைதானே என்று உட்கார்ந்தேன். மூன்று வாரமாக வரவில்லை.

2019 கூட்டத்தன்று நான் ஊரில் இல்லை. அப்பா பிறகு சொன்னதைத்தான் எழுதுகிறேன். கூட்டம் முடிந்து எல்லாரும் உங்களைத் தூக்காத குறையாகச் சுற்றிக்கொண்டார்களாம். அந்தக் கூட்டத்தில் உங்கள் செருப்பைக் காணோம். அப்பா தன் டிவிஎஸ் வண்டியில் உங்களை ஏற்றி வீட்டில் கொண்டுவந்து விட்டார். வழியில் அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னாராம். "நல்லாப் பேசுனீக மச்சான்."

அதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று அப்பாவிடம் கேட்டேன். "கைதட்டு எம்புட்டு நேரம் கேட்டுச்சு மாப்ளேன்னு கேட்டாக" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதன்பிறகு இரண்டு வருஷத்துக்கு மேல் உயிரோடு இருந்தார். தலைவர் பேச்சை எடுத்ததில்லை. நீங்கள் தினமும் எங்கள் வீட்டில் காபி குடித்தீர்கள். ஒருநாளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

அன்றைக்கு வடக்குக்கரை முறையைத் தெற்குக்கரைக்குத் தள்ளிவிட்டால், அடுத்தது நடுக்கரை, ஐந்து வருஷத்தில் நீங்கள். அப்பாவுக்கு விட்டுக்கொடுத்திருந்தால் பத்து வருஷம் ஆகும். அம்மாவுக்குக்கூட இது தெரியும். அது படித்ததில்லை, ஆனால் உங்கள் கறியைத் திருப்பிவிட்டு ரசம் வைத்துச் சாப்பிட்டது.

மாமா, வேட்புமனு பிடிமண் என்றால் கிடாவும் பிடிமண்தான். உங்கள் முறை கழிந்தது. வேட்புமனு பிடிமண் இல்லை என்றால் அப்பாவுக்குச் செய்தது தப்பு. நீங்கள் இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல முடியும்.

கார்த்திகைக் கூட்டத்தில், "சேவுகனுக்கு அன்றைக்கு நடந்தது சரியில்லை" என்று ஊர் முன்னால் சொல்லுங்கள். அவ்வளவுதான் நான் கேட்பது.

அன்புடன்,
உதயகுமார்

*

மருதங்கண்மாய்,
11-9-2025

வக்கீலுக்குப் படிக்காமல் ஓசூர் போய் வீணாகிப்போன மருமகனுக்கு,

அடேயப்பா! பொறி வைத்தால் எலிக்கு ஒரு ஓட்டையாவது விடுவார்கள். நீ சுவருக்கெல்லாம் சிமெண்டு பூசிவிட்டுக் கதவையும் சாத்தியிருக்கிறாய். நீ சொன்னபடி சொன்னால் என்ன ஆகும்? "வேட்புமனு பிடிமண் இல்லை, சேவுகன் முறை பாக்கிதான்" என்று நானே ஒத்துக்கொண்டதாகும். உடனே உன் சித்தப்பா, "அப்ப அந்தப் பாக்கிய இப்பக் குடுங்க" என்பார். சொன்னாலும் பதவி போச்சு, சொல்லாவிட்டாலும் போச்சு. உன் கடிதத்தைத் தலைகீழாக வைத்துக்கூடப் படித்துப் பார்த்துவிட்டேன்.

உனக்கு ஒன்று சொல்கிறேன், கேலி இல்லாமல். நாற்பது வருஷம் மேடையேறினேன். எந்த மேடையிலாவது நான் பேசி முடித்து நீ பார்த்திருக்கிறாயா? முடியாது. ஏனென்றால் நான் முடிக்கும் முன்னால் தலைவர் வந்துவிடுவார். வேட்டுச் சத்தம் கேட்கும். பின்னால் இருந்து ஒருவன் என் வேட்டியைப் பிடித்து இழுப்பான். "இறங்குண்ணே." பாதி வாக்கியத்தில் இறங்குவேன். ஒருமுறை நாச்சியாபுரத்தில் "ஆகவே" என்று சொன்னதோடு இறங்கினேன். அந்த ஆகவேக்கு அப்புறம் என்ன என்று இன்றுவரை எவனும் கேட்கவில்லை.

2019இல், அய்யனார் கோயிலில், நான் தொடங்கியதை நானே முடித்தேன். குறுக்கே ஒரு கார் வரவில்லை. ஊர் கைதட்டியது. என் ஆயுளில் முழுசாகப் பேசிய பேச்சு அது ஒன்றுதான். அதைப் போய்த் தப்பு என்று என் வாயாலேயே சொல்லச் சொல்கிறாய். என் காதை அறுத்துத் தரச் சொல், தருகிறேன். ஏற்கனவே ஒன்று சரியாகக் கேட்பதில்லை.

உன் அப்பா என் மேல் வருத்தத்தில் இருந்ததாக எனக்குப் படவில்லை. காபிக்குச் சர்க்கரை தூக்கலாகத்தான் போடச் சொல்வார் எனக்கு.

இன்னொரு வழி யோசித்து எழுது. நீ கேட்கும் சீர் எதுவானாலும் செய்கிறேன். அக்ஷரா காதுகுத்துக்கு யானை கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
எலி

*

ஓசூர்,
5-10-2025

அன்புள்ள மாமாவுக்கு,

யானை வேண்டாம். ஓசூர்ப் பக்கம் நிறைய இருக்கிறது.

நான் பொறி வைக்கவில்லை. நீங்கள் அப்பா பெயரைச் சொன்னால் பதவி போய்விடும் என்று கணக்குப் போடுகிறீர்கள். கணக்கை விட்டுவிட்டுச் சொல்லிப் பாருங்கள். நான் கேட்டதில் மாற்றம் இல்லை. சித்தப்பாவிடமும் பேசிவிட்டேன். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.

அம்மா கூட்டத்துக்கு வரும். பின்னால் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருக்கும். பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உதயகுமார்

*

மருதங்கண்மாய்,
24-11-2025

மருமகனுக்கு,

எழுந்து நின்று படி. இது தியாகி எழுதும் கடிதம்.

நேற்றுக் கூட்டம். கோயில் வாசலில் எள் போட்டால் எண்ணெயாக வழியும், அவ்வளவு ஜனம். நான் வெள்ளை வேட்டியில், துவைத்த நிலா மாதிரி போய் உட்கார்ந்தேன். உன் சித்தப்பா மடியில் ஒரு மஞ்சள் பையை வைத்துக்கொண்டு, பெண் பார்க்க வந்தவர் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"மச்சான், சொல்லுங்க" என்றார்.

எழுந்தேன். உன் கடிதம் சட்டைப்பையில்தான் இருந்தது. உன் அம்மா ஆலமரத்துக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறந்தேன். மருமகனே, சரஸ்வதி என் நாக்கில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நான் சொன்னேன்:

"அன்னைக்கு நான் சொன்ன ஞாயம் ஞாயந்தான்! ஆளுக்கு ஒரு ஞாயம் பேசுற ஆளு இந்தக் கருத்தையா இல்ல. வேட்புமனு பிடிமண்ணுன்னா, கெடாவும் பிடிமண்ணுதான். என் முறை கழிஞ்சுபோச்சு. சொன்ன சொல்லுக்காக நாக்காலிய விட்டுக் குடுக்குறேன்!"

அரிச்சந்திரன்கூட இடையில் கொஞ்சம் தண்ணீர் குடித்திருப்பான். நான் ஒரே மூச்சில் சொன்னேன். கைதட்டுக்காக நிறுத்தினேன். யாரும் தட்டவில்லை. மலைத்துப்போயிருக்க வேண்டும்.

உன் சித்தப்பா மட்டும், "மச்சான், வேற எதுவும் சொல்லணுமா?" என்றார்.

"சொல்லியாச்சு."

"யோசிச்சுப் பாருங்க. வேற ஏதாச்சும்? எங்க அண்ணனப் பத்தி?"

"ஞாயத்துல அண்ணன் என்ன, தம்பி என்ன?" என்றேன்.

இன்னொரு தடவையும் கேட்டார். விடாமல் குத்திக் காட்டுகிறாரே என்று எனக்குக் கோபம். "இங்குட்டு என்ன கோர்ட்டா நடக்குது? முறைய எடுத்துக்கிட்டுப் போங்கய்யா!" என்று உட்கார்ந்துவிட்டேன். அவர் மஞ்சள் பையைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். ஜெயித்த மனிதருக்கு முகம் ஏன் அப்படி இருந்தது என்று தெரியவில்லை.

ஆக, நீ ஆசைப்பட்டபடி முறை உங்கள் கரைக்கு வந்துவிட்டது. உன் அப்பாவுக்குப் போகாதது உன் சித்தப்பாவுக்குப் போகிறது. கணக்குத் தீர்ந்தது. இனி நீ எனக்குச் சரியாக எழுதலாம். எனக்கு நாற்காலி போனாலும் நாக்குப் பிழைத்தது என்று ஊர் பேசுகிறது. பேசும். இன்னும் பேசத் தொடங்கவில்லை.

இப்படிக்கு,
வாக்குக்காக வனவாசம் போகும்
மாமன் கருத்தையா

*

ஓசூர்,
8-12-2025

மாமாவுக்கு,

சித்தப்பா உங்களைக் குத்திக் காட்டவில்லை.

நான் அவரிடம் சொல்லிவைத்தது இது: "மாமா அப்பா பேரைச் சொல்லி, அன்னைக்கு நடந்தது சரியில்லைன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அந்தப் பாக்கியை நாம கேக்க வேண்டாம். முறையை அவருக்கே விட்டுருங்க." சித்தப்பா முதலில் என்னைத் திட்டினார். பிறகு அவரே காரைக்குடி போய்ச் சரிகைத் துண்டு ஒன்று வாங்கி வந்தார். மஞ்சள் பையில் இருந்தது அதுதான். உங்களுக்குப் போர்த்தத்தான் வைத்திருந்தார். அதற்காகத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்.

இதை முன்கூட்டியே உங்களிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நீங்கள் சொல்லியிருப்பீர்கள். மிக நன்றாகவும் சொல்லியிருப்பீர்கள். அதனால்தான் சொல்லவில்லை.

அம்மா அன்றிரவு போன் செய்தது. "எங்கண்ணனுக்கு நாக்காலிய விடக்கூட மனசு வருது. உங்கப்பா பேரச் சொல்லத்தான் வரல" என்றது. அழவில்லை.

இருபதாம் தேதி வந்து அம்மாவை இங்கே அழைத்துக்கொண்டு போகிறேன். எங்களுக்காக மெனக்கெட வேண்டாம். சாப்பாடு சித்தப்பா வீட்டில்.

உதயகுமார்

*

மருதங்கண்மாய்,
2-2-2026

மருமகன் உதயகுமாருக்கு, மாமன் கருத்தையா எழுதுவது.

நீ அம்மாவை அழைத்துப் போனபிறகு இது நான் எழுதும் மூன்றாவது கடிதம். முதலிரண்டும் தபாலில் தொலைந்திருக்கும். நம் தபால்துறை அப்படி.

சொல்கிறேன். சொல்லத் தயார். எந்த இடம், எத்தனை பேர் முன்னால், மைக் உண்டா இல்லையா என்று மட்டும் எழுது. பங்குனியில் இன்னொரு கூட்டம் கூட்டச் சொல்லியிருக்கிறேன். ஓசூருக்கு வந்து உன் பேக்டரி வாசலில் நின்று சொல்லச் சொன்னாலும் சொல்கிறேன். ஷிப்ட் விடும் நேரமாகப் பார்த்துச் சொல்.

முந்தாநாள் உன் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். "அந்தத் துண்டு இன்னும் இருக்கா மாப்ளே?" என்று கேட்டேன். மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். "அதுலதான் மாட்டத் தொடைக்கிறேன் மச்சான். சரிகை கொஞ்சம் உறுத்துது, மத்தபடி நல்ல துண்டு" என்றார். உண்மையிலேயே தொங்கவிட்டிருந்தார். நல்ல பச்சைக்கரை. எனக்கு எடுப்பாக இருந்திருக்கும்.

சட்டமன்றத் தேர்தல் நெருங்குகிறது. பேசக் கூப்பிடுகிறார்கள். நேற்றுப் புதுவயலில் பேசினேன். தலைவர் வர வெகு நேரமாகிவிட்டது. அரிசி ஆலை ஆட்கள் வேலை முடிந்து வந்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டேன். சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. சும்மா நின்றேன். வேட்டியை இழுக்க ஆள் வருவானா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அப்போது உன் அப்பாவைப் பற்றி ஏதோ சொல்ல வாய் வந்தது. புதுவயல்காரனுக்கு சேவுகன் யார் என்று தெரியுமா? விட்டுவிட்டேன்.

உன் அம்மா போகும்போது வீட்டுச் சாவியை உன் சித்தப்பா வீட்டில் கொடுத்துவிட்டுப் போனாள். ஊரின் அந்தக் கோடிக்கு நடந்து போய்க் கொடுத்திருக்கிறாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம்தான் நின்றுகொண்டிருந்தேன். அவள் கிளம்புகிற சத்தம் கேட்டது. ஏதாவது சொல்லியிருக்கலாம்.

தெருவில் எல்லாரும் உன் அம்மாவைப் பற்றி என்னிடம்தான் கேட்கிறார்கள், "அம்மாக்கண்ணு எப்ப வரும்?" என்று. அண்ணன்காரன், அடுத்த வீடு, எனக்குத் தெரியாமல் இருக்குமா என்று நினைக்கிறார்கள்.

தேதி இன்னும் அறிவிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கருத்தையா